அரசுக்கு யோசனை கேட்கும் மென்பொருள் டெசிடிம்: எதற்கு உதவும், எங்கே இடறும்

டெசிடிம் என்றால் கட்டலான் மொழியில் ‘நாம் முடிவெடுக்கிறோம்’ என்று பொருள். பார்சிலோனா மாநகராட்சி 2016-ல் தன் செயல்திட்டத்துக்கு மக்களிடம் யோசனை கேட்க உருவாக்கிய மென்பொருள் இது. ஓரிரு மாதங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட யோசனைகள் அதில் சேர்ந்தன. திறந்த மூல உரிமத்தில் இருப்பதால் எந்த ஊராட்சியும், எந்தத் துறையும் எடுத்து நிறுவிக்கொள்ளலாம்; உரிமக் கட்டணம் கிடையாது.

இந்த மதிப்பீடு ஒரே ஒரு பயனைப் பற்றியது: அரசு அலுவலகத்தின் வேலையை விரைவாக, வீணில்லாமல் நடத்த என்ன செய்யலாம் என்று குடிமக்களிடம் கேட்பது. நிதிப் பங்கீட்டுக்கு ஓட்டெடுக்கவோ நகரத் திட்டத்துக்குக் கருத்துக் கேட்கவோ இது எப்படி இருக்கும் என்பது தனிக் கதை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். யோசனை வந்து சேர்ந்த பிறகு நடக்க வேண்டிய வேலைகள் இருக்கின்றனவே, படிப்பது, பிரிப்பது, பதில் எழுதுவது, நிறைவேறியதைக் காட்டுவது, அவற்றுக்கு இலவசக் கருவிகளில் இதைவிட நல்லதை நாங்கள் பார்க்கவில்லை. ஆனால் நிறுவியவுடன் இருக்கும் இயல்பு அமைப்புகளோடு அப்படியே திறந்துவிட்டால் காரியம் கெட்டுவிடும். சில இடங்களில் கட்டாயம் கை வைக்க வேண்டும்.

முதலில் எழுத்து வரம்பு

யோசனையின் உடற்பகுதிக்கு டெசிடிம் இயல்பாக வைத்திருக்கும் வரம்பு 500 எழுத்துக்குறி. ஆங்கிலத்திலோ ஸ்பானிஷிலோ இது ஒரு சிறு பத்தி. தமிழுக்கு இது போதவே போதாது. ‘விண்ணப்பம்’ என்று எழுதினால் நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, கணினிக்குப் பத்து. உயிர்மெய்யின் கொம்பு, சுழி, புள்ளி ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணிக்கொள்ளும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் 500-க்குள் ஏறத்தாழ ஐம்பது சொற்கள்தான் அடங்கும். ஐம்பது சொல்லில் ஒருவர் தன் எரிச்சலைச் சொல்லலாம். யோசனையைச் சொல்ல முடியாது.

டெசிடிம் தளம் ‘கூறு’ எனப்படும் தனித்தனிப் பகுதிகளால் ஆனது. நிர்வாகப் பக்கத்தில் ‘யோசனைகள்’ கூறின் அமைப்புக்குள் போய் இந்த எண்ணை 3,000 ஆக்குங்கள். அதே பக்கத்தில் இன்னொரு வசதி இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை: புதிய யோசனைக்கான முன்வரைவு. எழுத வருபவருக்கு வெற்றுப் பெட்டியைக் காட்டாமல் சில கேள்விகளை முன்கூட்டியே அதில் நிரப்பி வைக்கலாம். நாங்கள் பரிந்துரைக்கும் கேள்விகள் இவை:

எந்தச் சேவை அல்லது படிவம்?
அதில் எந்தக் கட்டத்தில் சிக்கல்?
அங்கே இப்போது என்ன நடக்கிறது?
யாருக்கு, எவ்வளவு நேரம் வீணாகிறது?
என்ன மாற்ற வேண்டும்?
அந்தக் கட்டம் எதற்காக வைக்கப்பட்டிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. அரசு நடைமுறையில் தேவையில்லாததாகத் தெரியும் ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு காலத்தில் ஏதோ காரணம் இருந்திருக்கும்: ஒரு தணிக்கை ஆட்சேபம், ஒரு மோசடி, ஒரு நீதிமன்ற உத்தரவு. எழுதுபவர் அதை ஊகித்துப் பார்த்தாலே யோசனை தெளிவாகிவிடும். தவறாக ஊகித்தாலும் பரவாயில்லை. பதில் எழுதும் அலுவலர் சரியான காரணத்தைச் சொல்லியே ஆக வேண்டிய நிலை வரும்.

வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க ஒரு மாதிரி. முன்வரைவு இல்லாதபோது வருவது: “அலுவலகங்களில் மக்களை அலைக்கழிக்கக் கூடாது. எல்லாவற்றையும் கணினிமயமாக்க வேண்டும்.” இதை ஏற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. முன்வரைவு இருக்கும்போது வருவது: “முகவரி மாற்றப் படிவத்தோடு பழைய அட்டையின் நகலைக் கேட்கிறார்கள். அட்டையைக் கொடுத்ததே இதே அலுவலகம். எண்ணைத் தட்டினால் விவரம் திரையில் வருகிறது. நகல் எடுக்க வெளியே போய் வந்து மறுபடி வரிசையில் நிற்க ஒரு மணி நேரம் ஆகிறது. நகலுக்குப் பதிலாக அட்டை எண்ணை மட்டும் கேட்டால் போதும். அட்டை போலியா என்று பார்க்கத்தான் நகல் கேட்கிறார்கள் என்றால், அதற்கு மூல அட்டையைக் காட்டினாலே போதுமே.” இதற்கு அலுவலர் ஒரே நாளில் பதில் எழுதிவிடலாம்.

தலைப்புக்கும் கட்டுப்பாடு உண்டு: குறைந்தது 15, அதிகபட்சம் 150 எழுத்துக்குறி. ஆச்சரியக் குறிகளை அடுக்கினால் மென்பொருள் ஏற்காது. இது நல்லதே.

கேள்வியை எப்படிக் கேட்பது

மென்பொருள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் “அரசை மேம்படுத்த யோசனை சொல்லுங்கள்” என்று கேட்டால் வருவதெல்லாம் பொதுவாகத்தான் இருக்கும். பிரிட்டனில் 2010-ல் கருவூலத் துறை ‘செலவுச் சவால்’ என்ற பெயரில் செலவைக் குறைக்க யோசனை கேட்டது. முதலில் அரசு ஊழியர்களிடம், பிறகு பொதுமக்களிடம். ஒரு லட்சத்துக்கும் மேல் வந்து குவிந்தன. பொதுமக்களுக்குத் திறந்த பகுதியில் வசவுகளும் இனவெறிப் பதிவுகளும் கலந்து வந்தன. அந்தக் குவியலிலிருந்து ஏற்கப்பட்டவற்றில் ஒன்று எவ்வளவு சிறியது, எவ்வளவு துல்லியமானது என்று பாருங்கள்: தேசியக் காப்பீட்டு எண்ணைத் தெரிவிக்க ஆளுக்கொரு பிளாஸ்டிக் அட்டை அச்சடித்து அனுப்ப வேண்டாம், கடிதமே போதும். எண்தான் தேவை, அட்டை எதற்கும் பயன்படவில்லை. பிறகு அட்டை நிறுத்தப்பட்டது.

மெக்சிகோ கூட்டரசு 2008-ல் கேட்ட விதம் இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. ‘எந்த அரசு நடைமுறை மிகவும் உபயோகமற்றது?’ என்று ஒரு போட்டியே வைத்தார்கள். ஏறத்தாழ இருபதாயிரம் பேர் எழுதினார்கள். பரிசு பெற்றவர் ஒரு தாய். தன் மகனின் சிகிச்சைக்கான மருந்தைப் பொது மருத்துவமனையில் பெற மாதாமாதம் எத்தனை கையெழுத்துக்கு, எத்தனை நாள் அலைய வேண்டியிருக்கிறது என்பதை அவர் வரிசையாகச் சொல்லியிருந்தார். கேள்வி குறுகலாக இருந்ததால் பதில் கூர்மையாக வந்தது.

டெசிடிமில் இதைச் செய்ய, ‘பங்கேற்புச் செயல்முறை’ ஒன்றை ஒரே சேவைக்காக மட்டும் திறங்கள்: பிறப்புச் சான்று, கட்டட அனுமதி, ஓய்வூதியம் இப்படி. மூன்று துறைக்கு மூன்று செயல்முறை. எல்லாவற்றையும் ஒன்றில் போட்டு வகைகளாகப் பிரிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். எழுத வருபவர் வகையைத் தவறாகத் தேர்ந்தெடுப்பார். அதை மாற்றி மாற்றிப் போடுவதே ஒருவருக்கு முழுநேர வேலையாகிவிடும்.

ஒரு செயல்முறைக்குள் கட்டங்கள் இருக்கும்: எழுதும் கட்டம், ஆய்வு, பதில். தேதி கடந்தால் கட்டம் தானாக நகர்ந்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். நிர்வாகிதான் அடுத்த கட்டத்தைச் செயல்படுத்த வேண்டும். அல்லது அதற்கென இருக்கும் கட்டளையை வழங்கியின் (தளம் ஓடும் கணினியின்) நேர அட்டவணையில் சேர்க்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால், முடிந்துவிட்டது என்று அறிவித்த பிறகும் யோசனை வந்துகொண்டே இருக்கும். அப்படி வந்ததை யாரும் படிக்க மாட்டார்கள்.

வாக்கு, வரிசை, மூன்று புகார்

மற்ற தளங்களைப் போல அதிக ஆதரவு பெற்றதை மேலே ஏற்றிக்கொண்டே போகாமல், பட்டியலைத் தற்செயல் வரிசையில் காட்டுவது டெசிடிமின் இயல்பு. முதல் நாளே எழுதியவரின் யோசனை கடைசிவரை உச்சியில் உட்கார்ந்திருக்காது. இதை மாற்றாதீர்கள்.

இந்தப் பயனுக்கு வாக்கே வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. செயல்திறன் யோசனை என்பது பெரும்பான்மை விவகாரம் இல்லை. வருடத்துக்கு இருநூறு பேர் மட்டும் நிரப்பும் படிவத்தில் ஒரு தப்பு இருந்தால் அதற்கு இருநூறு வாக்குகூட விழாது. ஆனாலும் திருத்த வேண்டிய தப்புதான். மாட்ரிட் நகரம் 2015-ல் தொடங்கிய தளத்தில், நகரப் பதிவேட்டில் உள்ள 16 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு ஒருவர், அதாவது ஏறத்தாழ 27,000 பேர் ஆதரித்தால்தான் ஒரு யோசனை பொது வாக்கெடுப்புக்குப் போகும் என்று விதி வைத்தார்கள். ஆயிரக்கணக்கில் யோசனைகள் வந்தும் 2017 வாக்கெடுப்புக்குப் போனவை இரண்டே இரண்டு. பொதுப் போக்குவரத்துக்கு ஒற்றைப் பயணச்சீட்டு என்பது அதில் ஒன்று. பெரிய கொள்கைக்கு அப்படி ஒரு வாசற்படி இருக்கலாம். நகல் கேட்காதே என்ற யோசனையை அந்தப் படி கொன்றுவிடும்.

இன்னொரு அபாயம் வெளியே தெரியாதது. ஒரு பதிவு தகாதது என்று மூன்று பேர் புகார் அளித்தால் டெசிடிம் அதைத் தானாகவே மறைத்துவிடும். இயல்பு எண் 3. ஓர் அலுவலகத்தைப் பற்றி வந்த நியாயமான யோசனையை அங்கே வேலை செய்யும் மூன்று பேர் சேர்ந்தால் காணாமல் செய்துவிடலாம். வழங்கியின் அமைப்புக் கோப்பில் இந்த எண்ணை உயர்த்துங்கள். மறைக்கப்பட்டவற்றை வாரம் இருமுறை யாராவது பார்த்து, தவறாக மறைந்ததை மீட்கட்டும்.

யார் எழுதலாம்

எழுதுவதற்கு அடையாளச் சரிபார்ப்பு கேட்க வேண்டாம். மின்னஞ்சல், குறுஞ்செய்தி, அடையாள ஆவணம், அஞ்சல் குறியீடு என்று பல வழிச் சரிபார்ப்பை இந்த மென்பொருள் தருகிறது. எழுதுவது, ஆதரிப்பது, பின்னூட்டமிடுவது ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அதைப் பொருத்தவும் முடியும். ஆனால் படிவம் அதிகம் என்று சொல்ல வருபவரிடம் இன்னொரு படிவத்தை நீட்டுவது முறையல்ல.

கணக்கே திறக்க விரும்பாதவர்களுக்கு ‘கருத்தாய்வு’ என்ற கூறு உதவும். பதிவு செய்யாதவரும் நிரப்பலாம் என்ற தேர்வு அதில் உண்டு. பதில்கள் நிர்வாகிக்கு மட்டுமே தெரியும். முறைகேடு, பாதுகாப்பு ஓட்டை போன்ற, பொதுவெளியில் எழுதக்கூடாத விஷயங்கள் இந்த வழியாகத்தான் வர வேண்டும். முதல் பக்கத்திலேயே இரண்டு கதவையும் காட்டிவிடுங்கள்.

இணையம் பக்கமே வராதவர்கள் இருக்கிறார்கள். அலுவலகத்தில் காகிதத்தில் வாங்குவதையும் கூட்டத்தில் வாயால் சொன்னதையும் நிர்வாகியே தளத்தில் ஏற்றலாம். கூட்டத்தில் வந்தது என்று குறித்தும் வைக்கலாம். ஒரே எச்சரிக்கை: அப்படி வந்தவருக்கு மின்னஞ்சல் அறிவிப்பு போகாது. காகிதத்தில் தொலைபேசி எண் வாங்கித் தனியாக வைத்திருந்து, பதில் வந்ததும் ஒருவர் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

அரசு ஊழியர்களை மறந்துவிடுவது பெரிய தவறு. வீண் எங்கே என்று கவுன்ட்டருக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அமெரிக்கக் கூட்டரசு 2009-ல் தன் ஊழியர்களிடம் மட்டும் யோசனை கேட்டபோது 38,000-க்கும் மேல் வந்தன. தேர்வானது முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஊழியர் ஒருவருடையது: நோயாளி வீடு திரும்பும்போது, மருத்துவமனையில் அவர் பயன்படுத்திக்கொண்டிருந்த சொட்டு மருந்தையும் இழுப்பு மருந்தையும் தூக்கி எறியாமல் அவர் கையிலேயே கொடுத்தனுப்பலாம். நோயாளிக்கு இது தெரிய வாய்ப்பில்லை. மருந்து குப்பைக்குப் போவதைப் பார்ப்பவர் ஊழியர்தான்.

டெசிடிமில் செயல்முறையைத் தனிப்பட்டதாக அமைத்து, பட்டியலில் உள்ளவர்கள் மட்டும் நுழையும்படி செய்யலாம். ஊழியர்களுக்கு அப்படித் தனி இடம் கொடுங்கள். அங்கும் புனைபெயர் போதும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். மேலதிகாரி பார்ப்பார் என்ற பயம் இருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பதில் எழுதும் பகுதி

இந்த மென்பொருளின் உண்மையான பலம் இங்கேதான். ஒவ்வொரு யோசனையையும் ‘ஏற்கப்பட்டது’, ‘நிராகரிக்கப்பட்டது’, ‘ஆய்வில்’ என்று குறித்து, அதோடு விளக்கமும் எழுதலாம். செலவு மதிப்பீட்டையும் நிறைவேறும் காலத்தையும் சேர்க்க இடம் இருக்கிறது. மதிப்பீட்டாளர் என்ற பொறுப்பை அலுவலர்களுக்குக் கொடுத்து, ஆளுக்கு இத்தனை யோசனை என்று பிரித்துவிடலாம். அவர்கள் தங்களுக்குள் எழுதும் குறிப்பு வெளியே தெரியாது. ஒரே விஷயத்தைப் பத்துப் பேர் பத்து விதமாக எழுதியிருந்தால் அவற்றை இணைக்கலாம். மூல யோசனைகளோடு உள்ள தொடர்பு அறுந்துபோகாது.

அடிக்கடி நடக்கும் விபத்து ஒன்று உண்டு. பதிலை உடனே வெளியிடுவதா, சேமித்து வைத்து மொத்தமாக வெளியிடுவதா என்று ஓர் அமைப்பு இருக்கிறது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, எழுதிய பதிலை எல்லாம் வெளியிட மறந்துவிடுவார்கள். அலுவலர் பதில் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார். எழுதியவரோ யாருமே கண்டுகொள்ளவில்லை என்று நினைப்பார். சோதனைக்கு ஒரு யோசனையை எழுதி, வெளிக்கணக்கிலிருந்து பதில் தெரிகிறதா என்று பார்த்துவிட்டே திறங்கள்.

நிலைகளோடு நீங்களாக ஒரு பிரிவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வந்த யோசனை மூன்றில் எதைச் சேர்ந்தது: சட்டத்தைத் திருத்த வேண்டியதா, விதியையோ சுற்றறிக்கையையோ மாற்றினால் போதுமா, அல்லது எந்தத் தாளிலும் எழுதப்படாமல் வெறும் பழக்கத்தில் ஓடிக்கொண்டிருப்பதா? மூன்றாவது வகையை அலுவலகத் தலைவர் நாளைக் காலையே நிறுத்திவிடலாம். நகல் எத்தனை, எந்த ஜன்னலில் முதலில் நிற்பது, மாலை எத்தனை மணிக்கு வாங்குவதை நிறுத்துவது எல்லாம் இந்த வகை. முதல் பதிலாக இதிலிருந்து நாலைந்தை நிறைவேற்றிக் காட்டினால் மக்கள் நம்பி எழுதத் தொடங்குவார்கள்.

திறப்பதற்கு முன் ஆள் கணக்குப் போடுங்கள். ஆயிரம் யோசனை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். படித்துப் பிரிக்க 5 நிமிடம். சம்பந்தப்பட்ட பிரிவில் விசாரித்துப் பதில் எழுத 25 நிமிடம். மொத்தம் 500 மணி நேரம். நாளுக்கு 8 மணி நேரம் இதே வேலையாக இருந்தாலும் ஒருவருக்கு 63 வேலை நாள். மூன்று பேர் இருந்தால் 21 நாள். மூன்று பேரை ஒதுக்க முடியாது என்றால் கேள்வியைக் குறுக்குங்கள், அல்லது திறந்திருக்கும் நாளைக் குறையுங்கள். கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் விடுவது, கேட்காமலே இருப்பதைவிட மோசம்.

நிராகரிக்கும் பதிலிலும் கவனம் வேண்டும். “பரிசீலிக்கப்பட்டது, சாத்தியமில்லை” என்பது பதிலே அல்ல. எந்த விதி தடுக்கிறது, அதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற இரண்டையும் எழுத வேண்டும்.

எழுதியவரையே உள்ளே அழைப்பது இன்னும் நல்லது. தைவானில் ‘ஜாயின்’ என்ற அரசுத் தளம் 2015 முதல் இருக்கிறது. 60 நாளில் 5,000 பேர் ஆதரித்தால் அரசு பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. 2017-ல் ஒருவர், வரி தாக்கல் செய்யும் மென்பொருள் சகிக்க முடியாத அளவுக்கு மோசம் என்று அதில் எழுதினார். திட்டித்தான் எழுதியிருந்தார். அதிகாரிகள் அவரையும் அவரைப் போலக் குறை சொன்னவர்களையும் பட்டறைக்குக் கூப்பிட்டு, எந்தத் திரையில் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்று படிப்படியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே மேக், லினக்ஸ் கணினிகளுக்கான புதிய வடிவம் வந்தது. டெசிடிமில் ‘சந்திப்புகள்’ கூறு இதற்குத் தோதானது: அழைப்பு, பதிவு, கூட்டக் குறிப்பு எல்லாம் அந்த யோசனையோடு இணைந்தே நிற்கும்.

நிறுவுவது

டெசிடிம், ரூபி ஆன் ரெய்ல்ஸ் என்ற இணைய நிரலாக்கச் சட்டகத்தில் எழுதியது; போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தேவை. மின்னஞ்சல் அனுப்புவது போன்ற பின்னணிப் பணிகளுக்கு ரெடிஸ், சைட்கிக் என்ற துணை மென்பொருள்களைப் போடுவது வழக்கம். சைட்கிக் நின்றுபோனால் தளம் நன்றாகத்தான் தெரியும், ஆனால் ஒரு மின்னஞ்சலும் போகாது: பதிவு உறுதியும் வராது, அறிவிப்பும் வராது. தளம் ஓடுகிறதா என்று மட்டும் பார்க்காமல் இதையும் தனியாகக் கண்காணிக்க வேண்டும். ரெய்ல்ஸ் தெரிந்த ஒருவர் கையில் இல்லை என்றால் நீங்களாக நிறுவ முயல வேண்டாம். பதிப்பு உயர்த்தும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

மாற்று என்ன

அப்படி ஆள் இல்லாத சின்ன அமைப்புக்கு ‘யுவர் பிரயாரிட்டீஸ்’ சரியாக இருக்கும். ரெய்க்யவிக் நகரம் 2010 முதல் பயன்படுத்துவது. அதில் பின்னூட்டத்துக்குப் பின்னூட்டம் கிடையாது. ஆதரவு வாதம் ஒரு பக்கம், எதிர்வாதம் மறுபக்கம். சண்டை மூள இடமில்லை. ஆனால் பதிலெழுதும் வசதிகள் டெசிடிம் அளவுக்கு விரிவானவை அல்ல. மாட்ரிட்டில் பிறந்த ‘கான்சுல்’ வாக்கெடுப்புக்கும் நிதிப் பங்கீட்டுக்கும் நல்லது. ‘பால்.இஸ்’ வேறு வகை: ஒரு வரிக் கூற்றுக்கு ஆம், இல்லை, கடந்து போ. மக்கள் எந்தெந்தக் குழுவாகப் பிரிந்திருக்கிறார்கள் என்று காட்டும். படிவத்தின் ஏழாவது பத்தியில் என்ன தப்பு என்று அதில் யாரும் சொல்ல முடியாது.

ஏற்றுக்கொண்ட பிறகு

ஏற்கப்பட்ட யோசனைகளை டெசிடிமின் ‘பொறுப்புடைமை’ கூறுக்குள் இறக்குமதி செய்யுங்கள். ஒவ்வொன்றும் ஒரு செயலாக மாறும். அதற்கு நிலையும் விழுக்காடும் தேதிவாரிக் குறிப்புகளும் கொடுக்கலாம். விழுக்காட்டை ஊகமாகப் போடாமல் முன்கூட்டியே பொருள் கொடுத்துவிடுங்கள்: 25 என்றால் கோப்பு தொடங்கியாயிற்று, 50 என்றால் உத்தரவு கையெழுத்தாயிற்று, 75 என்றால் ஓர் அலுவலகத்தில் நடைமுறைக்கு வந்தாயிற்று, 100 என்றால் எல்லா அலுவலகத்திலும். எண்ணை மாற்றியவுடன் அந்த யோசனையைப் பின்தொடர்பவர்களுக்கு அறிவிப்பு தானாகப் போகும். நகல் வேண்டாம் என்று எழுதியவருக்கு ஒரு நாள் ‘100’ என்று அந்த அறிவிப்பு வரும். உண்மைதானா என்று அடுத்த முறை கவுன்ட்டரில் நிற்கும்போது அவரே பார்த்துக்கொள்வார். இல்லையென்றால் அதே பக்கத்தில் எழுதவும் செய்வார். ஆகவே செயல்முறை முடிந்த பிறகும் அந்தப் பக்கத்தை மூடாதீர்கள், பின்னூட்டத்தையும் நிறுத்தாதீர்கள்.